முப்பத்தொன்பதரைத் தலைக்கட்டு

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய். அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சென்ற அமாவாசைக் கூட்டத்தில் ஓர் ஊரின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாய். கை கழுவினாய். நான் வைத்த நண்டுக் குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். நண்டின் காலை நீ கடித்து உறிஞ்சிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. கூட்டத்தில் பேசிய வாயும் அதுதானே என்று தோன்றியது; குழம்புச் சட்டியை எடுத்து மூடிவிட்டேன். பெற்றவளுக்கு அப்படித் தோன்றலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தோன்றியதை எழுதுகிறேன். இதை உறையில் இட்டு ஒட்டி உன் கையில் தரவில்லை. நீ நான்கு ஊர் கேட்கப் பேசினாய். நானும் நான்கு ஊர் படிக்க எழுதுகிறேன். வலை பின்னும் கூடத்துச் சுவரில் ஒரு படி ஒட்டப்பட்டிருக்கும்.

பிறரும் படிக்கப் போவதால் நம் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த முறைதான். தெரிந்தே தவறு செய்தவன் என்பதற்காகத்தான் இத்தனை எழுத வேண்டியிருக்கிறது. பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. கடல் நீர் ஏறி இறங்கும் நல்ல இடங்கள் சிலவே. அவற்றை நான்கு குப்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஆண்டுக்கொரு முறை ஓர் அமாவாசையில் சீட்டுக் குலுக்கி, எந்த இடம் எந்த ஊருக்கு என்று முடிவாகும். பாட்டில் பங்கு வேண்டுமானால் முதலில் ஊராக வேண்டும். ஊராக வேண்டுமானால் நாற்பது தலைக்கட்டு தேற வேண்டும். மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. மணமாகாதவன் படகு நிறைய மீன் கொண்டுவந்தாலும் தலைக்கட்டு ஆக மாட்டான். கணவனை இழந்து தனி அடுப்பு வைத்திருப்பவள் அரைத் தலைக்கட்டு. மகன் வீட்டு அடுப்பில் உண்பவள் கணக்கிலேயே இல்லை. நாற்பது தேறிய ஊரைச் சேர்க்கும்போது, மற்ற ஊர்களின் சார்பில் ஊருக்கு ஒருவர் வந்து ஒரே கழியைக் கூடிப் பிடித்து ஏரிச் சேற்றில் ஊன்றுவார்கள். எவரேனும் ஒருவர் கையை எடுத்துவிட்டால் அந்தக் கழி ஊன்றப்படாது.

நீ மண்ணைப் போட்டது நாணல்மேட்டாரின் வாயில்; நம் பாட்டன்மார் இங்கே படகை இழுத்து ஏற்றுவதற்கு முன்பே இந்த ஏரியோரம் இருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வலை இல்லை, பாடும் இல்லை. பறி எனப்படும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். முகத்துவாரத்தைத் தூர்வாரிய மண் முழுவதும் அவர்கள் துழாவும் ஓரத்தில் கொண்டுவந்து கொட்டப்பட்டது. ஓரம் மேடாகிவிட்டது. இனி அவர்கள் ஆழத்துக்கு வர வேண்டும். ஆழம் பாட்டுக்காரர்களுக்கு உரியது. வரும் சீட்டில் இடம் கிடைக்காவிட்டால் அந்த ஊர் எதை உண்ணும் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. உன்னிடமும் இல்லை. ஆகவேதான் அவர்களின் பெரியவர் தேசப்பன், எங்களையும் ஊராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்தார். சேராத ஊரார் கூடத்துக்குள் உட்காரலாகாது என்பதால் வெயிலில் நின்றார். பெண்களாகிய நாங்கள் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றோம்.

"எத்தினி தலைக்கட்டு கீது தேசப்பா?" என்று நான்கு ஊரில் ஒன்றான பெரிய குப்பத்தின் பெரியவர் கேட்டார்.

"முப்பத்தொம்போது. அப்பறம் அஞ்சலை ஒண்டியா ஆக்கித் துன்னுக்கினு கீது. அத்தோட முப்பத்தொம்போதர."

"அரைதானே கொறையுது, உடு. இத்தப் போயி பேசிக்கினு. ஊணிடலாம்."

கூடத்தில் பலர் தலையசைத்தார்கள். அத்துடன் முடிந்திருக்கும். நீ எழுந்தாய். சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பெரியவரே, நாப்பதுன்னா நாப்பது. அரை ஆளுக்கு இன்னா பண்றது, அரைக் கழி ஊணலாமா?" என்றாய்.

"அரைக் கழின்னா தண்ணிக்கு மேல தெரியாதே நைனா!" என்று எவனோ பின்னாலிருந்து கூவினான். கூடம் சிரித்தது. தேசப்பனும் சிரித்தார். வெயிலில் நிற்பவன் நிழலில் இருப்பவர்களோடு சேர்ந்து சிரித்தாக வேண்டியிருக்கிறது. அதைவிட அருவருப்பான காட்சியை நான் கண்டதில்லை. கழி ஊன்றாமலே கூட்டம் கலைந்தது. உன்னை மூன்று பேர் தோளில் தட்டினார்கள்.

நீ தலைக்கட்டாகி அப்போது ஒரு மாதம்கூட நிறையவில்லை. உன் திருமணத்துக்கு முதல்நாள்வரை அந்தக் கூடத்தில் உனக்கு வாய் இல்லை. கற்றவன், அனுப்பம்பட்டில் ரயிலேறி மீஞ்சூர்த் தொழிற்சாலைக்குப் போய் வருபவன், ஆயினும் ஊர்க் கணக்கில் நீ பிறர் ஆளும் ஒன்றியப் பிரதேசமாகத்தான் இருந்தாய். தாலி கட்டிய மறுவாரமே முழு மாநிலமானாய். பேசத் தெரிந்தவன் என்று நம் ஊர் சார்பில் பேசும் இடத்தையும் உனக்குத் தந்தார்கள். கிடைத்த குரலை முதன்முதலாக எதற்குப் பயன்படுத்தினாய் என்பதை நீயே எண்ணிப் பார். உன் பங்குப் பாட்டில் வலை போடுவது உன் சித்தப்பன் மகன். ஏரித் தண்ணீரில் நீ முழங்கால் நனைத்தே ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தண்ணீரில் பிறர் கால் வைக்கலாகாது என்று சொல்ல மட்டும் உனக்கு ஊர் வேண்டியிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள். நீ அரசுத் தேர்வுக்குப் படித்த காலத்தில் கேள்விகளை உரக்க வாசிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தாய். நீ பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வாய். நான் புத்தகத்தைப் பார்த்துச் சரி, தவறு என்பேன். "சிக்கிம் எந்நிலையிலிருந்து மாநிலமாயிற்று?" என்று நான் கேட்டால், "யம்மா, நியூஸ் வாசிக்காதே, சும்மா கேளு" என்று சிரிப்பாய். செய்தி வாசிப்பவர் போலப் பேசுகிறேன் என்று ஊரார் என்னை நியூஸ் அக்கா என அழைப்பதை நீதான் வீட்டுக்குள் கொண்டுவந்தாய். நீ அந்தத் தேர்வில் தேறவில்லை. புத்தகங்களைப் பரணில் போட்டாய். நான் அவற்றை இறக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து படித்தேன். அவற்றுள் மாநிலங்களைப் பற்றிய பாடத்தைத்தான் பலமுறை படித்தேன். காரணம் உண்டு. என் தாய்வீடு இருக்கும் ஊர், நான் பிறக்கும் முன்பு, எவரும் ஒரு பானையைக்கூட இடம் மாற்றாமலே சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போன ஊர். இரவு ஒரு மாநிலத்தில் உறங்கி மறுநாள் வேறு மாநிலத்தில் விழித்தவர்களின் மகள் நான். ஏரியின் நடுவே இல்லாத கோடு ஒன்றைக் காட்டி, இந்தப் பக்கம் வராதே என்று என் தம்பியின் வலையை இழுத்தவர்களும் உண்டு; அந்தப் பக்கத்தாருக்கு அதையே செய்தவர்கள் நம்மிலும் உண்டு.

அந்தப் பாடத்தில் என்ன எழுதியிருக்கிறது? அரசமைப்பின் முதற்பிரிவே நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. அடுத்த பிரிவு வெளியில் இருப்பதைச் சேர்க்கும் வழியைச் சொல்கிறது. அதற்கடுத்தது உள்ளே இருப்பதைப் பிரித்தும் கூட்டியும் புது மாநிலம் ஆக்கும் வழியைச் சொல்கிறது. சிக்கிமுக்கு ஒரு காலத்தில் அரசர் இருந்தார். சிறிது காலம் அதை இணை மாநிலம் என்று வாசற்படியில் உட்கார வைத்தார்கள். பிறகு உள்ளே அழைத்தார்கள். கோவாவும் மணிப்பூரும் திரிபுராவும் இமாசலமும் நெடுங்காலம் பிரதேசங்களாகக் காத்திருந்து மாநிலங்களாயின. புதுச்சேரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை பெயரையும் நீ கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாய். இத்தனை தலை இருந்தால்தான் மாநிலம் என்று அந்தப் பிரிவுகளில் எங்கேனும் ஓர் எண் உண்டா? பரணிலிருந்து இறக்கிய எல்லாப் பக்கத்திலும் தேடினேன். இல்லை. தலையை எண்ணித்தான் சேர்ப்பது என்றிருந்தால் சிக்கிமுக்கும் நாகாலாந்துக்கும் இன்றுவரை வாசற்படிதான். நாணல்மேட்டாரை நாம் தலைமுறை தலைமுறையாக அந்த வாசற்படியில்தான் வைத்திருக்கிறோம்: ஓரத்தில் துழாவிக்கொள், உள்ளே வராதே. இப்போது வாசற்படியிலும் மண்ணைக் கொட்டியாயிற்று.

ஒன்றியம் செய்ததெல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்றாம் பிரிவில் ஒரு கூர்மை இருக்கிறது. அது இருபக்கமும் அறுக்கும். ஒரு மாநிலத்தைப் பிரிக்கும் முன் அந்த மாநிலத்தின் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்பார்கள், சம்மதம் கேட்பதில்லை. தெலங்கானா பிரிந்தபோது ஆந்திரச் சட்டமன்றம் வேண்டாம் என்றது, ஆயினும் பிரிந்தது. என் தம்பி அன்று தொலைபேசியில் அழுதான்; தெலங்கானாவில் எத்தனையோ தாய்மார் அன்று ஆனந்தத்தில் அழுதிருப்பார்கள். வடக்கே முழு மாநிலமாக இருந்த ஒன்றைப் பிரித்துப் பிரதேசங்களாக இறக்கியதும் அதே பிரிவைக் காட்டித்தான். இறங்கியவர்களைக் கேட்டார்களா என்றால், அந்தக் கேள்வி இன்றும் ஆறவில்லை. ஏற்றும் கையே இறக்கவும் வல்லது என்பதால் நான் அதைக் கும்பிட மாட்டேன். ஆனாலும் நம் ஏரியைவிட அது ஒரு விதத்தில் மேல். ஏற்கெனவே உள்ளே இருக்கும் மாநிலம் ஒன்று எழுந்து நின்று, எனக்குப் பிடிக்கவில்லை, கழியிலிருந்து கையை எடுக்கிறேன் என்று சொல்லி இன்னொன்றைத் தடுத்துவிட அங்கே இடமில்லை. நம் முறையில் இடமிருக்கிறது. அந்த இடுக்கைத் தேடிப் பிடித்து நீ நுழைந்தாய்.

இனி நம் ஊரின் கதை. உன் நைனா இதை உனக்குச் சொல்லாமலே கண்மூடிவிட்டார்; தகப்பனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். நம் குப்பமும் ஆதியிலேயே ஊராக இருந்ததன்று. பெரிய குப்பத்தின் கரையைக் கடல் அரித்தபோது வீடிழந்தவர்கள் பிரிந்து வந்து குடிசை போட்ட இடம் இது. பிரிந்தவர்களுக்குத் தனிப் பாடு தரப் பெரிய குப்பம் மறுத்தது. ஆண்டுக்கணக்கில் நம் ஆட்களும் கூடத்துக்கு வெளியே வெயிலில்தான் நின்றார்கள். இறுதியில் நாற்பது தலைக்கட்டு தேறட்டும், பார்க்கலாம் என்று ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் அப்படி ஓர் எண் இந்த ஏரியில் கிடையாது. நம்மை வெளியே நிறுத்துவதற்காகவே பிறந்த எண் அது. எண்ணிப் பார்த்தால் நம் குப்பத்தில் முப்பத்தொன்பது. மணமாகாமல் இருந்த ஒரே வயது வந்த ஆண் உன் நைனா. சீட்டுக்கு முன்னால் அவருக்குப் பெண் தேடி ஏரியின் மறுகரைக்கு ஓடினார்கள். என் வீட்டுக்கு வந்தவர்கள் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "பொண்ணு கீதா? அமாவாசைக்குள்ள தாலி கட்டணும்" என்றார்கள். என் அம்மா தெலுங்கில் ஏசினாள்: "இது கல்யாணமா, கணக்கா?" உன் நைனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டுந்தாங்க" என்றார். அந்த நேர்மைக்காகத்தான் நான் சம்மதித்தேன்.

நான் புகுந்த வீடு நாற்பதாவது தலைக்கட்டு. மணக்கோலத்தில் மஞ்சள் காயாத தாலியோடு, ஏரிக்கரையில் நின்று, அந்தக் கழி ஊன்றப்படுவதைப் பார்த்தேன். பெரிய குப்பத்துக் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கழியில் கை வைத்தார். ஆனால் வைத்தார். நம் ஊரே என் காலில் விழாத குறையாக என்னைக் கொண்டாடியது. பாடு கொண்டுவந்தவள் என்று பாட்டுக்காரி, பாட்டுக்காரி என அழைத்தார்கள். நீ அந்த நாற்பதாவது அடுப்பில் வெந்த சோற்றில் வளர்ந்தவன். உன்னை ஊராக்கிய எண்ணை எடுத்துத்தான் இன்னொருவரின் தலையில் அடித்தாய். உன்னை வெளியே நிறுத்தியவர்கள் விட்டுக்கொடுக்க முன்வந்த அரையை, உள்ளே வந்த நீ பிடித்துக்கொண்டு தொங்கினாய். பெரிய குப்பத்துப் பெரியவருக்கு இருந்த வெட்கம் உனக்கு இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை நீ வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேன், நினைவிருக்கும். "நாணல்மேட்டைத் தடுப்பதால் உனக்கு என்ன ஆதாயம்?" என்றேன்.

"பாடு அஞ்சாப் பிரிஞ்சா நம்ம முறை கொறையும்மா. ரூல்னா ரூல்தான். நான் இன்னா அவங்கள வெரட்டியா உட்டேன்? நாப்பது காட்டட்டும், வரட்டும்."

"அங்கே மணவயதில் மணமாகாத ஓர் ஆண்கூட இல்லை என்பது உனக்குத் தெரியாதா?"

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? அவங்க வேற, நம்ம வேற. நீ ஏன் அவங்களுக்காக நியூஸ் வாசிக்கறே?" என்றாய். வண்டியை உதைத்தாய். "உனக்கு இதுலெல்லாம் கணக்கே கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

ஏளனமாகச் சொல்லவில்லை நீ. வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாய். உண்மைதான், உன் அடுப்பில் உண்ணும்வரை நான் கணக்கிலேயே இல்லை. அன்று பகல் முழுவதும் அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை, அரை. நான், அதுவும் இல்லை. அப்போதுதான் விளங்கியது: உன் வீட்டில் நான் இருந்தால் எவர் கணக்கிலும் எதுவும் கூடப்போவதில்லை, நான் போனால் உன் ஊருக்கு எதுவும் குறையாது. முறை அப்படித்தான் சொல்கிறது. ரூல்னா ரூல்தான்.

நேற்றுக் காலை நீ ரயிலுக்குப் போன பிறகு என் பழைய மண்ணெண்ணெய் அடுப்பையும் ஒரு பானையையும் எடுத்து வைத்தேன். உன் மனைவி கௌரி வாசலில் நின்று பார்த்தாள். தடுப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போய் அரிசியும் புளியும் கட்டிக்கொண்டு வந்தாள். "அவரு வந்து கேட்டா இன்னா சொல்றது அத்தே?" என்றாள். "மாநிலம் பிரிந்துவிட்டது என்று சொல்" என்றேன். சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். நல்ல பெண். அவளிடம் கேட்டு நடந்துகொள். இந்தக் கடிதத்தில் உனக்கு நான் தரும் அறிவுரை இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

நாணல்மேட்டில் அஞ்சலையின் குடிசைக்குப் பக்கத்தில் தேசப்பன் எனக்கு ஓலை வேய்ந்து கொடுத்தார். அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பானையைப் பார்த்தாள். "இன்னா நியூஸக்கா, நீயும் அரை, நானும் அரை. ஒரே அடுப்புல ஆக்கிடலாமா, எண்ணெய் மிச்சமாவும்" என்றாள். "கூடாது. ஒரே அடுப்பென்றால் ஒரே அரைதான். தனித்தனியே எரிய வேண்டும்" என்றேன். "யப்பா, உன் கணக்குல கொழம்புகூட ஆறிப் பூடும் போல கீதே" என்று சொல்லி, பறி நிறைய இருந்த இறாலில் பாதியை என் பானையில் கொட்டினாள். மண்மேட்டின் விளிம்பில் ஒரு நாள் முழுதும் துழாவியும் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இனி நீ என்ன சொல்வாய் என்பது எனக்குத் தெரியும். என் அம்மா நாணல்மேட்டுக்காரி அல்லள், வேறு சனம் என்பாய். நான் ஆந்திரத்தில் பிறந்தவள். ஒரு தாலியால் உங்கள் ஊர்க்காரி ஆனேன். உங்கள் எண்ணை நிரப்பினேன். அன்று எவரும் என்னை வேறு என்று சொல்லவில்லை, ஏனென்றால் நான் உங்களுக்குத் தேவைப்பட்டேன். ஓர் அடுப்பால் இந்த ஊர்க்காரி ஆவதற்கு மட்டும் எந்த முறை தடுக்கிறது? அரைத் தலைக்கட்டு என்ற ஏற்பாட்டையே நான் வெறுக்கிறேன். கணவன் இறந்தால் பெண் பாதியாகிவிடுகிறாள் என்று எழுதாமல் எழுதி வைத்த அந்த அசிங்கத்தை என்றாவது இந்த ஏரி கழுவ வேண்டும். அதுவரை, நீங்கள் எனக்கு இட்ட பாதியை நான் எங்கே வைப்பது என்பது என் விருப்பம்.

வரும் அமாவாசையன்று தேசப்பன் மீண்டும் வருவார். எத்தனை தலைக்கட்டு என்று பெரியவர் கேட்பார். நீ படித்தவன், எண்ணச் சொல்லி உன்னிடம்தான் சொல்வார்கள். நான் இம்முறை ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்கப் போவதில்லை. தேசப்பனுக்குப் பக்கத்தில், வெயிலில் நிற்பேன். எண்ணும்போது என் முகத்தைப் பார்த்து எண்ண வேண்டியிருக்கும். கழியைச் சீவி, அஞ்சலையின் குடிசைமேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சவுக்குக் கழி, முழுக் கழி. நான்கு கைகள் பிடிக்க அதில் இடம் இருக்கிறது. நான்காவது கை உன்னுடையது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாலும் போதும். உன் ஊருக்கு அப்படி வைத்த ஒரு கையால்தான் நீ உண்டாய்.

இன்று காலை இரண்டு அடுப்புகளும் தனித்தனியே எரிந்தன.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அரைத் தலைக்கட்டு,
நாணல்மேடு.